உள்ளே கொஞ்சம் துணி விடச் சொல்லுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

நான் பாலக்கோட்டில் 23 ஆண்டுகளாகத் துணி தைத்துப் பிழைப்பவள். ஆடித் தள்ளுபடிப் பலகைகளை இறக்கிவிட்டு, தீபாவளிச் சரக்குக்காக ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் சூரத்துக்கும் நீங்கள் ஆள் அனுப்பத் தொடங்கும் இந்த ஆவணி மாதத்தில் இம்மடலை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சரக்கு வந்து அலமாரியில் ஏறிய பிறகு நான் என்ன சொன்னாலும் பயனில்லை. விலை பேசி முன்பணம் கொடுக்கும் வேளையில் உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு இருக்கும் மதிப்பு, எங்களைப் போன்றவர்கள் ஆண்டு முழுவதும் புலம்புவதற்கு இல்லை.

முன்பெல்லாம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, இனித் துணி வாங்க இயலாது என்று அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிடுவேன். இப்போது அந்த அட்டைக்கு வேலையே இல்லை. தீபாவளி முடிந்த மறுவாரம்தான் என் கடையில் கூட்டம் சேர்கிறது. உங்களிடம் வாங்கிய புது ரெடிமேட் உடைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, இடுப்புப் பிடிக்கிறது, கை ஏறவில்லை, ஒரே சலவையில் தையல் விட்டுவிட்டது என்று வருகிறார்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றை நான் திருப்பி அனுப்பிவிட வேண்டியிருக்கிறது. தையல் தெரியாததால் அனுப்பவில்லை. தைப்பதற்கு அதில் துணி இல்லாததால் அனுப்புகிறேன்.

எங்கள் தொழிலின் வழக்கம் ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். ரவிக்கையின் இரு பக்கங்களிலும் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ துணியை உள்ளே விட்டு, அதன்மேல் கால் அங்குல இடைவெளியில் மூன்று தையல் போட்டுக் கொடுப்போம். பிள்ளை பெற்று வந்த பெண் அதில் ஒரு தையலைப் பிரித்துக்கொள்வாள். நாற்பதைக் கடந்து உடம்பு சற்றுப் பூரித்ததும் இன்னொன்றைப் பிரித்துக்கொள்வாள். துணி நல்லதாக இருந்தால் அந்த ரவிக்கை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவளோடு இருக்கும். பள்ளிப் பாவாடைக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு மடித்துத் தைப்போம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒரு மடிப்பு இறங்கும்; இறங்கிய இடத்தில் பழைய மடிப்பின் கோடு வெளிறித் தெரியும். அந்தக் கோடுகளை எண்ணியே பாவாடை எத்தனை வகுப்புகளைக் கடந்து வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அக்காவிடமிருந்து தங்கைக்கு வரும்போது மடிப்பு மறுபடியும் மேலேறும்.

ரெடிமேடில் இதற்கெல்லாம் வழியில்லை. ஓவர்லாக் இயந்திரம் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைப்பதால் உள்ளே கால் அங்குலம்கூடப் பல உடைகளில் மிஞ்சுவதில்லை. சட்டைப் பொத்தானை, பின்புறம் முடிச்சில்லாத சங்கிலித் தையலில் ஒட்ட வைத்திருப்பார்கள். நூலின் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் பொத்தான் கையோடு வந்துவிடும். ஓர் உடைக்கு அரையங்குலம் மிச்சம் பிடித்தால் ஆயிரக்கணக்கான உடைகளில் எத்தனை பேல் துணி மிச்சமாகும் என்ற கணக்கு எனக்கும் தெரியும், அந்தக் கணக்கைப் போடுபவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அவர் மிச்சம் பிடித்த அரையங்குலத்துக்காக, வாங்கியவர் முழு உடையையும் ஒரே ஆண்டில் தூக்கி எறிகிறார் என்பதையும் யாராவது கணக்கில் சேர்க்க வேண்டாமா? ஆகவே மொத்தக் கொள்முதலின்போது, குறைந்தது சிறுவர் உடைகளுக்கும் பெண்களின் சுடிதார், ரவிக்கை வகைகளுக்குமாவது, பக்கத் தையலில் முக்கால் அங்குலத் துணியும் கீழ் மடிப்பில் இரண்டு அங்குலத் துணியும் விட்டுத் தைத்த சரக்கைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கடை கேட்டால் சிரிப்பார்கள். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேர்ந்து கேட்டால் தைத்துத் தருவார்கள்.

அடுத்தது, விற்கும் துணி எதனால் ஆனது என்பதைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்த குடும்பத்தார் ஒருவர் பெண் குழந்தைக்கு வாங்கிய பாவாடை சட்டையை அளவு குறைக்கக் கொண்டுவந்தார்கள். பட்டு என்று சொன்னார்கள். கடைச் சீட்டிலும் பட்டு என்றே எழுதியிருந்தது. நான் நம்பிவிட்டேன். சற்றே சூடு ஏறியிருந்த இஸ்திரிப் பெட்டி பட்டதும் சரிகைக் கரை சுருண்டு, உள்ளங்கை அகலத்துக்குத் துணி பளபளவென்று இறுகிப்போய்விட்டது. பாவாடைக்கான பணத்தை நான் கொடுத்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை; அப்படி எழுதுவதென்றால் ஒரு கடையோடு நிறுத்த முடியாது. அன்றிலிருந்து எந்தத் துணி வந்தாலும் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்கிறேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், விரலால் நசுக்கினால் கரி பொடியாகும். பாலியெஸ்டர் எரிவதற்கு முன்பே உருகிச் சொட்டி, ஆறியதும் கடினமான மணியாக நின்றுவிடும். இந்தச் சோதனையை என் கடையில் நான் செய்துகொள்ளலாம். உங்கள் கடைக்குள் வாடிக்கையாளர் தீப்பெட்டியோடு வர முடியாது அல்லவா?

இதில் எனக்கு இருக்கும் வருத்தம் வெறும் பணத்தைப் பற்றியது மட்டுமன்று. தமிழ்நாட்டில் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பெயர்பெற்றவை நம் இரு மாவட்டங்களும். தருமபுரி அரசுப் பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடுகளைக் கொண்டுவந்து ஏலத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள். அவர்களில் சிலர் உங்கள் வாடிக்கையாளர்களாகவும் இருப்பார்கள். ஏறத்தாழ 25 நாட்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் மல்பெரி இலையைப் பறித்துப் போட்டுப் புழுவை வளர்த்துக் கூடாக்கி விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் மகளின் சடங்குக்குப் புடவை எடுக்க வரும் தாய்க்கு, பட்டு என்ற பெயரில் பாலியெஸ்டரைக் கொடுத்து அனுப்புவது எந்த நியாயத்தில் சேரும்? செமி சில்க், ஆர்ட் சில்க் என்று எழுதியிருக்கிறோமே என்பீர்கள். ‘ஆர்ட்’ என்பதைக் கலை என்று பொருள்கொண்டு, கலைநயமுள்ள பட்டு என்று பெருமையோடு வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். செயற்கை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் தலைத்துண்டுதான் அது என்று விளக்கியபோது அவர்கள் முகம் போன போக்கையும் பார்த்திருக்கிறேன்.

சட்டத்துக்கும் ஏற்பாட்டுக்கும் குறைவில்லை. துணியில் என்ன இழை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அதன்மேல் குறிக்க வேண்டும் என்பதற்கான ஜவுளி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 1988-லேயே வந்துவிட்டன. தூய பட்டை அடையாளம் காட்டும் சில்க் மார்க் முத்திரையை மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் அறிமுகப்படுத்தியது. ஆனால் இழைக் கலவையைச் சொல்லும் துண்டுச்சீட்டு இருந்தாலும் அது ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில், உட்புறத் தையலுக்குள் ஒளிந்திருக்கிறது. அலமாரிக்கு அலமாரி ‘முழுப் பருத்தி’, ‘பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது’, ‘முழுப் பாலியெஸ்டர்’, ‘தூய பட்டு’ என்று பெரிய தமிழ் எழுத்தில் அட்டை வைப்பதற்கு உங்களுக்கு ஒரு நாள் வேலையும் சில நூறு ரூபாய்ச் செலவும்தான் ஆகும். விற்பனை செய்யும் பெண்களுக்கும் அது பெரிய உதவியாக இருக்கும். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கும் அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் விற்பது என்னவென்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை என்பது அவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடுகிறது.

பாலியெஸ்டரே விற்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. 1941-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அந்த இழை டெரிலின் என்றும் டெரிகாட்டன் என்றும் நம் ஊருக்கு வந்தபோது, கசங்காத சட்டை கிடைத்த மகிழ்ச்சியில் எங்கள் அப்பா அதை நெடுநாள் கல்யாணங்களுக்கு மட்டும் போட்டுவந்தார். மாற்றுடை ஒன்றே வைத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு, இரவில் துவைத்துப் போட்டால் விடிவதற்குள் காயும் துணியின் அருமை தெரியும். இன்று உலகில் ஆண்டுதோறும் உருவாகும் இழைகளில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர்தான். அதை ஊர் எல்லையில் நின்று மறிப்பது நடக்கிற காரியமன்று. ஆனால் அது கச்சா எண்ணெயிலிருந்து செய்யப்படுகிறது என்பதையும், துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத நெகிழி இழைத்துகள்கள் அதிலிருந்து உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். அறிந்த பிறகும் அதையே வாங்கினால் அது அவர் விருப்பம்.

பருத்தி என்றதும் பாவமெல்லாம் நீங்கிவிடும் என்று நினைக்கும் படித்த பிள்ளைகளுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பருத்திச் சட்டைக்கு, செடி வளர்வதிலிருந்து சாயம் ஏறுவது வரை, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 15 லிட்டர் குடத்தால் அளந்தால் அது 180 குடம். கிணற்றிலும் ஆழ்துளையிலும் புளோரைடு கலந்த நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஒரு தலைமுறையைக் கண்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வரும் வரை நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்தவர்கள் நாம். நமக்கு 180 குடம் என்பது வெறும் எண்ணாகத் தெரியாது. சாயத்தின் கதையும் நமக்குத் தூரத்துக் கதை இல்லை. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை சாயநீரைத் தேக்கிவைக்கும் குட்டையாகி, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அரூர்ப் பக்கத்திலிருந்தும் பென்னாகரம் பக்கத்திலிருந்தும் அங்கே வேலைக்குப் போயிருந்த நம் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு அதன்பின்தான் அந்தத் தொழில் மாறியது. இவ்வளவு தண்ணீரும் இவ்வளவு பேருடைய உழைப்பும் சேர்ந்த ஒரு சட்டையை, அக்குளில் தையல் விட்டதற்காக எறிவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எறிந்தால் அது எங்கே போகிறது என்று பாருங்கள். பருத்திப் புடவை எங்கள் வீடுகளில் ஒருநாளும் குப்பைக்குப் போனதில்லை. நைந்ததும் தூளியாகும், தூளிக்கும் தாங்காதபோது பச்சைக் குழந்தைக்கு விரிப்பாகும், பிறகு சும்மாடாகும், அதற்குப் பிறகு அடுப்படியில் கரித்துணியாகி, கடைசியில் மண்ணோடு மண்ணாக மக்கும். பாலியெஸ்டர்ப் புடவை இந்த வரிசையில் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. தக்காளி மண்டியில் கூடை தூக்கும் அக்கா ஒருவர் பாலியெஸ்டரைச் சும்மாடாகச் சுருட்டி வைத்தால் தலையில் நிற்காமல் வழுக்குகிறது என்று சொல்லி, என்னிடம் பருத்தி வெட்டுத்துணி கேட்டு வாங்கிப் போனார். அடுப்படியில் சூடான பாத்திரத்தைப் பிடிக்க அது ஆகாது. தண்ணீரை உறிஞ்சாததால் தரை துடைக்கவும் ஆகாது. இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடைகளில் எண்ணெய் துடைக்க இன்றும் திருப்பூர்ப் பனியன் வேஸ்ட்டைத்தான் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். பக்கத்திலேயே கிடக்கும் பழைய பாலியெஸ்டர்ச் சேலையைச் சீண்டுவதில்லை.

பேரூராட்சி வண்டி வரும்போது மக்கும் குப்பையைப் பச்சைக் கூடையிலும் மக்காத குப்பையை நீலக் கூடையிலும் போடச் சொல்கிறார்கள். பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே நூலில் முறுக்கிய சுடிதாரை எந்தக் கூடையில் போடுவது? பிரிக்கவும் முடியாது, பிரிக்க முடியாததை மறுசுழற்சி செய்வதும் எளிதன்று. ஆகவே அது சாலையோரத்தில் மற்ற குப்பையோடு எரிகிறது, இல்லையென்றால் சாக்கடையை அடைக்கிறது. ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் ஒகேனக்கல்லுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு, குளித்தவர்கள் கழற்றிவிட்டுப் போன துணி பாறையிடுக்குகளில் சிக்கிக் கிடக்கும் காட்சி புதிதாக இராது. பீடை தொலையும் என்று விடுகிறார்கள். எங்கள் பாட்டி காலத்தில் விட்டது பருத்தி; அது சில மாதங்களில் தொலைந்தது.

பையைப் பற்றியும் ஒரு சொல். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. அந்த மஞ்சள் பையை ஊருக்கெல்லாம் கொடுத்துப் பழக்கியவர்களே ஜவுளிக்கடைக்காரர்கள்தாம் என்பதை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று உங்களில் பலர் கொடுக்கும் பை துணி போலத் தோன்றினாலும், நெய்யப்படாமல் சூட்டில் அழுத்தி ஒட்டப்பட்ட நெகிழிதான். என் வெட்டுத்துணியிலேயே பை தைத்துக் கேட்கும் கடைக்குத் தைத்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் வாங்கிய மிக்சி பழுதானால் அதைச் சரிசெய்ய ஆளைக் காட்டுகிறார்கள். துணி விற்ற கடையில் மட்டும் பணம் கட்டி முடித்ததோடு உறவு அறுந்துவிடுகிறது. பிரான்ஸ் நாட்டில் 2023 முதல், கிழிந்த உடையைத் தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்தால், துணி விற்கும் நிறுவனங்கள் செலுத்தும் நிதியிலிருந்து 6 முதல் 25 யூரோ வரை கூலியில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் படித்துக் காட்டினாள். அவ்வளவு பெரிய ஏற்பாட்டை நான் உங்களிடம் கேட்கவில்லை. நம் ஊரில் இடுப்புப் பிடிக்கவோ பக்கம் பிரிக்கவோ ஆகும் கூலி, நீங்கள் ஆடியில் விடும் தள்ளுபடியில் ஒரு சிறு பங்குகூட இல்லை. வாங்கிய ஓராண்டுக்குள் உடையைக் கொண்டுவந்தால் ஒரு முறை இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவோம் என்று சீட்டின் பின்புறம் அச்சடித்துப் பாருங்கள். அந்தக் கூலியை நீங்கள் ஏற்க வேண்டிய நிலை வந்தால், தையல் விடாத சரக்கைத் தேடி வாங்கும் அக்கறை தானாகவே வந்துவிடும். இது வியாபாரத்துக்குக் கேடு என்று சிலர் சொல்லக்கூடும். பழுதுபார்க்க வந்தவர் வெறுங்கையோடு படியிறங்குவது அரிது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

இதைச் செய்வதற்கு ஆளுக்கும் பஞ்சமில்லை. பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் இரு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். சீருடைப் பணி முடிந்ததும் பல மாதங்கள் அவர்களுக்குப் போதிய வேலை இருப்பதில்லை. மாடிப்படிக்குக் கீழே, இப்போது நீங்கள் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் இடம் போதும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, நல்ல வெளிச்சம் தரும் விளக்கு ஒன்று. இயந்திரத்தை நாங்களே கொண்டுவந்துவிடுவோம். பாலக்கோட்டிலோ மாரண்டஅள்ளியிலோ காரிமங்கலத்திலோ இதைச் செய்து பார்க்க முன்வரும் முதல் கடைக்கு, ஐப்பசி தொடங்கித் தை முடியும் வரை புதன், சனி பிற்பகல்களில் நான் வந்து தைக்கிறேன். முதல் மாதத்துக்குக் கூலி வேண்டாம். நூலும் ஊசியும் மட்டும் உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
பாலக்கோட்டுத் தையற்காரி ஒருத்தி